திரைப்பட, தொலைக்காட்சி ஒலிப்பொறியாளர் வேலை: படப்பிடிப்புத் தளமா, மிக்ஸிங் அறையா?

நெல்லை_மின்னணு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியல் பொறியியலில் இறுதியாண்டு படிக்கிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே எங்கள் ஊர் மைக்செட் கடைக்காரரோடு கொடை விழாக்களுக்கு ஆம்பிளிஃபையர் கட்டப் போய் வந்தவன் என்பதால், ஒலியின்மீது எனக்குள்ள ஈடுபாடு புதிதன்று. படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து திரைப்படத்திலோ தொலைக்காட்சியிலோ ஒலிப்பொறியாளராகப் பணியாற்ற விரும்புகிறேன். ஒருவர் படப்பிடிப்புத் தளத்துக்குப் போ என்கிறார்; இன்னொருவர் ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேர் என்கிறார்; மூன்றாமவர் முதலில் ஒரு படிப்பை முடி என்கிறார். வேலை உண்மையில் எங்கே இருக்கிறது, அதில் குடும்பம் நடத்த முடியுமா என்பதை இத்துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். என்னைவிட என் தந்தைக்கே அந்த விடை அவசரமாகத் தேவைப்படுகிறது.

பூம்_கம்பி

தம்பி, மைக்செட் கடையில் கைப்பழக்கம் பெற்றவரை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் தமிழ்த் திரையுலகில் தளத்து ஒலிப்பதிவாளருக்கு என்ன இடம் என்பதை அதன் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1931இல் 'காளிதாஸ்' வெளியான நாளில் நடிப்பவரே பேசியாக வேண்டும், பாடியாக வேண்டும், அதை அங்கேயே பதிந்தாக வேண்டும். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஏவி.எம். மெய்யப்பன் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்தார். 1943இல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து மறு ஆண்டே வெளியிட்டதும் அவரே. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்ற ஏற்பாடு இங்கே அவ்வளவு பழையது. பின்னர் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது, கடகடவென்று ஓடும் ஆரி 2சி கேமராவும், ஜெனரேட்டரும், வேடிக்கை பார்க்கும் கூட்டமும், தமிழ் பேசத் தெரியாத கதாநாயகியும் சேர்ந்து, தளத்தில் பதியும் ஒலியை வெறும் பைலட் ட்ராக்காக ஆக்கிவிட்டன. டப்பிங் அறையில் நடிகர் தம் உதட்டசைவைத் தாமே பிடிக்க உதவும் வழிகாட்டி என்பதற்குமேல் அதற்கு மதிப்பில்லை. டிஜிட்டல் கேமரா வந்து அந்த இரைச்சல் ஒழிந்த பின்னும் பழக்கம் ஒழியவில்லை. இந்தியில் 2001இல் 'லகான்' லைவ் சவுண்டை, அதாவது தளத்தில் பதிந்த குரலையே படத்தில் வைக்கும் முறையை, மீண்டும் பேசுபொருளாக்கியது. தமிழில் 2004இல் 'விருமாண்டி' அந்த முறையில் வந்தது. ஆயினும் இங்கே லைவ் சவுண்டு இன்றும் இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

அப்படியொரு படத்தில் வீட்டுக் காட்சி ஒன்றை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். மீண்டும் போட மறந்து வீட்டுக்காரரின் பால் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக என் வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவேன். சாவியை எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாதல்லவா? நீண்ட கம்பில் கட்டிய பூம் மைக்கின் முனை ஃப்ரேமின் விளிம்பை ஒட்டி நடிகரின் தலைக்கு மேலே நிற்க வேண்டும். அதன் நிழல் சுவரில் விழக் கூடாது. வசனம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் முன்பே மைக் திரும்பியிருக்க வேண்டும் என்பதால், பூம் பிடிப்பவருக்கு அந்தக் காட்சியின் வசனம் நடிகருக்கு நிகராக மனப்பாடமாகியிருக்கும். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அரை நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவோம். இரண்டு டேக்குகளை எடிட்டர் ஒட்டும் இடத்தில் ஓட்டை தெரியாமல் காப்பது அந்த அரை நிமிட ரூம் டோன்தான். யூனிட் முழுவதும் நம்மை எரிச்சலோடு பார்க்கும் அரை நிமிடமும் அதுவே.

மிக்ஸ்_மேசை

பூம்_கம்பி அண்ணன் சொன்ன வரலாறு சரி. ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. டப்பிங் மரபு வலுவாக உள்ள ஊரில், புதிதாக வருபவருக்கு வேலை ஸ்டூடியோவில்தான் கிடைக்கும். ஒரு படத்தின் எடிட்டிங் முடிந்த பிறகு என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். டப்பிங்கில் ஒருவர் உட்கார வேண்டும். பதிந்த வசனத்தை உதட்டோடு பொருத்தி, மூச்சையும் எச்சில் சத்தத்தையும் ஒழுங்கு செய்ய ஒரு டயலாக் எடிட்டர் வேண்டும். மழை, வண்டி, சந்தை, பறவை என்று எஃபெக்ட்ஸ் அடுக்க ஒருவர். நடை, உடை, பாத்திரம், வளையல் ஆகியவற்றைத் திரையைப் பார்த்தபடியே நிகழ்த்தும் ஃபோலி கலைஞர் ஒருவர், அவரைப் பதிய இன்னொருவர். அதன் பிறகு வசனம், எஃபெக்ட்ஸ் போன்றவற்றைத் தனித்தனியே சமன் செய்யும் ப்ரீமிக்ஸ், அதன் பிறகு எல்லாவற்றையும் இசையோடு சேர்த்துக் கலக்கும் ஃபைனல் மிக்ஸ். இத்தனை நாற்காலிகளில் ஏதோ ஒன்றில் உதவியாளராக உட்கார்ந்துதான் இங்கே பெரும்பாலோர் வளர்ந்திருக்கிறார்கள்.

தமிழ்த் திரையுலகம் தொழில்நுட்பத்தில் முந்திக்கொண்டதும் இந்தப் பக்கத்தில்தான். டால்பி ஸ்டீரியோ ஒலி 1995இல் 'குருதிப்புன'லில் வந்தது. மறு ஆண்டு 'கறுப்பு ரோஜா'வில் டி.டி.எஸ். வந்தது, 2012 டிசம்பரில் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸில் வெளியானது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்ற எச். ஸ்ரீதர் பணியாற்றியது சென்னையில்தான். 2008இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறையே ஆசிரியரை இழந்ததாக உணர்ந்தது.

நெல்லை_மின்னணு

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம். அண்மைக் காலப் படங்களைத் திரையரங்கில் பார்க்கும்போது வசனம் புரியவில்லை என்று பலர் குறைகூறுகிறார்கள். அது லைவ் சவுண்டின் குறையா, மிக்ஸிங்கின் குறையா?

மிக்ஸ்_மேசை

பெரும்பாலும் இரண்டும் அல்ல, தம்பி. மிக்ஸிங் அறையில் திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபெலுக்கு அளவிட்டு, பிராசஸரின் ஃபேடரை, அதாவது ஒலியளவுக் கட்டுப்பாட்டை, 7இல் நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். திரையரங்கிலும் அதே 7 இருந்தால் நாங்கள் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள். ஆனால் சண்டைக் காட்சியில் சத்தம் தாங்கவில்லை என்று யாரோ எழுந்துபோய்ச் சொல்ல, ஆபரேட்டர் அதை 5க்கு இறக்கிவிடுகிறார். ஏறத்தாழ 7 டெசிபெல் போய்விட்டது. சண்டை இப்போது இதமாக இருக்கும். அதற்கடுத்த காட்சியில் அம்மாவும் மகனும் தாழ்ந்த குரலில் பேசுவது ஏ.சி. இரைச்சலில் மூழ்கிவிடும். அரங்குகள் இறக்குவதை அறிந்த இயக்குநர், அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்கிறார். அதைக் கேட்ட அரங்கு இன்னும் கொஞ்சம் இறக்குகிறது. இந்தப் போட்டியில் ஒவ்வொரு முறையும் தோற்பது வசனம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெளியீட்டுத் தேதி மாறாது, ஆனால் படப்பிடிப்பு நீளும், எடிட்டிங் நீளும், கிராஃபிக்ஸ் நீளும், பின்னணி இசை கடைசி ரீலுக்கு வந்துசேரவே நள்ளிரவாகும். அத்தனை தாமதமும் வரிசையின் கடைசியில் நிற்கும் ஃபைனல் மிக்ஸின் நாள்களைத்தான் தின்கிறது. வசனத்தையும் இசையையும் ஒன்றுக்கொன்று வழிவிட வைப்பதற்குப் பொறுமையாகக் கேட்கும் நேரம் வேண்டும்; அந்த நேரம்தான் எங்களிடம் இருப்பதில்லை.

பூம்_கம்பி

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் டப்பிங்கே வசனத் தெளிவுக்கு மருந்து என்ற எண்ணத்தை யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையேறி மூச்சு வாங்கியபடி ஒரு நடிகர் பேசிய வரியை, மூன்று மாதம் கழித்துக் குளிரூட்டிய அறையில் நின்றுகொண்டு அவரால் திரும்பப் பேச முடியாது. எழுத்து எழுத்தாகப் புரியும், நடிப்பு போயிருக்கும். தளத்தில் ஒழுங்காகப் பதிந்தால் அந்த வரி மிக்ஸிங் மேசைக்கு முழு உயிரோடு வந்துசேரும். 2009 பிப்ரவரியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ஒலிக்கலவை ஆஸ்கர் மூவருக்குச் சேர்த்தே வழங்கப்பட்டது; மும்பையின் தெருக்களில் நின்று பதிந்த ரசூல் பூக்குட்டியும், மிக்ஸிங் செய்த ஆங்கிலேயர் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். தளமும் மேசையும் ஒன்றையொன்று நம்பினால் கிடைக்கும் பலன் அது.

ஓபி_வேன்

எல்லோரும் சினிமாவைப் பற்றியே பேசுகிறீர்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஒலிக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுத்து வந்திருப்பது எங்கள் பக்கம்தான். தம்பியின் தந்தைக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கலாம்.

எங்கள் வேலையின் இயல்பு முற்றிலும் வேறு. நேரலையில் இரண்டாவது டேக் கிடையாது. செய்தி வாசிப்பவரின் சட்டையில் குத்தும் சிறிய லேப்பல் மைக் கழன்று விழுந்தால், பார்வையாளர் அதை உணர்வதற்கு முன்பே மாற்று மைக் திறந்திருக்க வேண்டும்; அதனால்தான் சட்டையில் இரண்டு மைக்குகளை ஒன்றாகக் குத்தி வைக்கிறோம். தொலைபேசியில் பேசும் விருந்தினருக்கு நிகழ்ச்சியின் ஒலியைத் திருப்பி அனுப்பும்போது, அதில் அவருடைய குரலை மட்டும் நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தன் குரலே சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்து அவர் தடுமாறிப் பேச்சை நிறுத்திவிடுவார். மிக்ஸ்-மைனஸ் என்ற இந்த ஒன்றைத் தவறாமல் அமைக்கத் தெரிந்தவருக்குச் செய்தி அலைவரிசையில் எப்போதும் மதிப்பு உண்டு. படம் பல கருவிகளைக் கடந்து வருவதால் ஒலிக்குப் பின்தங்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் நம் முறையில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி என்று கணக்கிட்டு, ஒலியையும் அந்த அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். ரியாலிட்டி நிகழ்ச்சி என்றால் ஒரே மேடையில் டஜன் கணக்கில் கம்பியில்லா மைக்குகள் இருக்கும்; அவற்றின் அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் முதல்நாளே திட்டமிடுவது தனி வேலை. மின்னணுவியல் படித்தவருக்கு அது இயல்பாக வரும்.

ஒலியளவிலும் எங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் வகுத்த அளவு −23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு); அமெரிக்க அளவு −24. நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை மட்டும் அளந்து −27 கேட்கிறது. திரையரங்குக்காகச் செய்த மிக்ஸை அப்படியே அனுப்பினால் அது திரும்பி வந்துவிடும். எனவே வீட்டுத் திரைக்கென்று தனியாக மிக்ஸ் செய்யும் வேலை இன்று பெருகியிருக்கிறது. புதியவர்கள் நுழைய அது நல்ல வாசல்.

சேலை_மைக்

நெல்லைத் தம்பி மட்டுமல்ல, இதைப் படிக்கும் பெண்களுக்காகவும் எழுதுகிறேன். தளத்தில் ஒலிப்பதிவு உதவியாளராகப் பணியாற்றும் பெண்கள் குறைவு, ஆனால் இருக்கிறோம்.

நாங்கள் செய்வதில் பாதி துணியைப் பற்றிய அறிவு. பட்டுச் சேலை கட்டிய நடிகைக்கு லேப்பல் மைக் வைப்பது எளிதன்று. பட்டு ஒவ்வோர் அசைவிலும் சரசரக்கும். தாலிச் சங்கிலி மைக்கில் இடிக்கும். கையை உயர்த்தினால் கண்ணாடி வளையல் வசனத்துக்கு மேலே ஒலிக்கும். மைக்கின் இருபுறமும் மைக்ரோபோர் டேப்பை முக்கோணமாக மடித்து ஒட்டி, ரவிக்கையின் உட்புறத்தில் துணியும் தோலும் ஒன்றையொன்று உரசாதபடி பிடித்து வைத்து, வயரில் ஒரு சின்ன வளையம் விட்டுத் தளர்த்த வேண்டும். அதற்கு முன்பே காஸ்ட்யூம் பிரிவினரிடம் போய் நாளை எந்தத் துணி என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். அனுமதி கேட்டு, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் நடிகரைத் தொட வேண்டும். இந்த நாகரிகத்தை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

பூம்_கம்பி அண்ணன் ஆஸ்கரைச் சொன்னதால் நான் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் தளத்து ஒலிப்பதிவுக்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போனது. லைவ் சவுண்டு படங்களுக்கென்றே உள்ள விருது அது. அந்தப் படம் டப்பிங் செய்யப்பட்டது என்று அதன் ஒலிவடிவமைப்பாளரே பொதுவெளியில் சொன்னார்; ரசூல் பூக்குட்டியும் அதைச் சுட்டிக்காட்டினார். 2024இல் அறிவிக்கப்பட்ட விருதுகளில் ஒலி வடிவமைப்பு என்ற ஒரே விருதுதான் இருந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்தி அதைப் பெற்றார். தகுதியானவருக்குக் கிடைத்தது பற்றி மகிழ்ச்சியே. ஆனால் வெயிலில் நின்று கம்பு பிடிப்பவருக்கு என்றிருந்த ஒரு தனி இடம் போய்விட்டது.

நெல்லை_மின்னணு

அக்கா, நீங்கள் சொன்ன டேப் விவரத்தைக் குறித்துக்கொண்டேன். படிப்பு பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? பொறியியல் முடித்தபின் மீண்டும் மூன்றாண்டுகள் படிக்க வேண்டுமா?

தரமணி_பழையவர்

சென்னைத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் வேர் 1945 வரை போகிறது. அங்கே ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அது பள்ளிப்படிப்பு முடித்தவருக்கானது. உங்களுக்கு இனி அது காலத்தை வீணாக்குவதாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை புனேத் திரைப்படக் கல்லூரியும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனமும். இரண்டிலும் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு ஒலிப்பிரிவு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடுமையானது, இடங்கள் மிகக் குறைவு. ரசூல் பூக்குட்டி 1995இல் புனேயில் படித்து முடித்தவர்.

அங்கே கிடைப்பது கருவியறிவு என்று எண்ண வேண்டாம். புரோ டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை வீட்டிலிருந்தே கற்கலாம். கூடப் படிக்கும் இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் ஆகியோரோடு சேர்ந்து படமெடுத்துச் சண்டை போட்டுக் கற்பதுதான் அங்கே கிடைக்கும் செல்வம். பின்னாளில் வேலைக்கு அழைப்பவர்களும் அவர்களே. தனியார் நிறுவனங்களின் ஓராண்டுப் படிப்புகளைப் பொறுத்தவரை, பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பாடம் நடத்துபவர் இப்போதும் படங்களில் வேலை செய்கிறாரா, மாணவர் ஒருவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ கிடைக்கும், அங்கே கற்றுத் தருவது பாடல் பதிவா, படத்துக்கான ஒலியா. கடைசிக் கேள்வியிலேயே பல இடங்கள் நழுவிவிடும்.

மிக்ஸ்_மேசை

பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். தளத்தில் நாள் கணக்கு. கால்ஷீட்டுக்கு இவ்வளவு, பேட்டா தனி. ஒலிவடிவமைப்பில் படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள். அதற்குள்ளேயே உதவியாளர் சம்பளமும் ஃபோலிச் செலவும் சில வேளை ஸ்டூடியோ வாடகையும் அடங்கிவிடும். பெரிய தொகையாகத் தெரிவது கைக்கு வரும்போது கரைந்திருப்பது இதனால்தான். உதவியாளராக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் சென்னை வாடகையைச் சமாளிப்பதே போராட்டம்.

மீதித் தொகைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிக்ஸிங் முடிந்து இறுதிக் கோப்பைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு தயாரிப்புத் தரப்புக்கு நம்மிடம் ஆகவேண்டியது எதுவும் இல்லை. ஒரு படத்தில் எனக்கு வர வேண்டிய பாக்கி, அந்தப் படம் வெளியாகி, தொலைக்காட்சியிலும் வந்து, மறந்தும் போன பிறகும் வரவில்லை. ஆகவே இறுதிக் கோப்புக்கு முன்பாக எவ்வளவு தரப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்; வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக இருந்தாலும் போதும். திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான பெப்சியில் இணைந்த சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் முறையிட ஓர் இடமாவது இருக்கும். அந்த அட்டை பெறுவதற்கே தனிச் செலவும் காத்திருப்பும் உண்டு என்பதையும் சேர்த்துத் தந்தையாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓபி_வேன்

காதையும் மறக்க வேண்டாம். 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், 88இல் நான்கு மணி நேரம் என்பதே பாதுகாப்பான எல்லை என்று அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. கொடை விழாவில் ஹாரன் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்ற பழக்கத்தை இனி விட்டுவிடுங்கள், தம்பி.

நெல்லை_மின்னணு

இனி பஞ்சு வைத்துக்கொள்கிறேன், ஐயா. இறுதியாக ஒன்று கேட்கிறேன். இப்போது 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் ஒலி உடைவதே இல்லை என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு இரைச்சலை நீக்கிவிடுகிறது என்கிறார்கள். நான் பயிற்சி முடித்து வருவதற்குள் இந்த வேலையே இருக்குமா?

பூம்_கம்பி

32 பிட் ஃப்ளோட் செய்வது ஒன்றுதான்: திடீரென்று யாராவது கத்தினால் பதிவு சிதையாது. மைக் தவறான இடத்தில் இருந்தால் அது தவறான இடத்தின் ஒலியைத்தான் அழகாகப் பதியும். மென்பொருளின் கதையும் அதுவே. ஏ.சி. இரைச்சலை அது நன்றாகவே நீக்குகிறது. பட்டுச் சரசரப்பு ஒரு மெய்யெழுத்தின்மீது விழுந்துவிட்டால், இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு 'ச'கரமில்லாத வசனத்தைத் தரும்.

சேலை_மைக்

அண்ணன் சொல்வது தளத்துக்குச் சரி. ஆனால் வசனத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே ஸ்டூடியோக்களில் உட்கார்ந்திருந்த இளைய உதவியாளர்களின் வேலை குறைந்துவருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். தம்பி ஏறி வர வேண்டிய படிக்கட்டின் முதல் படி அதுதான். அதை மறைத்துவிட்டு நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

மிக்ஸ்_மேசை

உண்மைதான். ஆகவே முதல் படியாக டயலாக் எடிட்டிங்கையே பிடியுங்கள் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தளத்திலும் கொஞ்ச நாள் நின்றவராக வாருங்கள் என்பேன். பதிவில் என்ன தவறு நடந்தது என்று கேட்டவுடன் சொல்லக்கூடிய உதவியாளரை எந்த ஸ்டூடியோவும் வெளியே அனுப்பாது.

நெல்லை_மின்னணு

அப்படியானால் தேர்வு முடிந்ததும் சென்னைக்கு வரும்போது உங்களைப் போன்றவர்களிடம் நான் எதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்?

மிக்ஸ்_மேசை

பாடல் எதையும் கொண்டுவர வேண்டாம். உங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு நண்பர்களை உட்கார வைத்து, இரண்டு நிமிடம் பேச விட்டு, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் தனித்தனி டேக்காகப் பதியுங்கள். பாய்லர் சீறட்டும், பேருந்து போகட்டும். ரூம் டோனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெட்டு தெரியாமல் ஒட்டி, பின்னணிக் கடைச் சத்தத்தைத் தனி ட்ராக்கில் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பாக எடுத்து வாருங்கள். எடிட் செய்யாத மூலப் பதிவும் கூடவே இருக்கட்டும். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

பூம்_கம்பி

கேபிளைச் சுருட்டும் முறையையும் பார்ப்பேன். முழங்கையில் சுற்றினால் அன்றே நெல்லை எக்ஸ்பிரஸ்.